விலைக் கோடும் அலைக் கணக்கும்

இளைஞர்களே, பங்குச் சந்தையின் விலைகளை நாளிதழ்கள் ஒரு கோடாக வரைந்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அக்கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. காண்பவருக்குக் கடலலையின் நினைவு வருவது இயல்பே. அவ்வலைகளில் ஓர் ஒழுங்கு உண்டா? அதைப் படித்து நாளைய விலையைக் கூறிவிட முடியுமா? இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கைப்பேசியில் இப்படங்களைப் பார்த்து, தந்தையார் அனுப்பிய விடுதிப் பணத்தைச் சந்தையில் இடும் மாணவரும் இன்று உளர்.

அலைகளை எண்ணும் முறையை வகுத்தவர் ரால்ஃப் நெல்சன் எலியட் (1871–1948) என்னும் அமெரிக்கர். தொழிலால் அவர் கணக்கர். மத்திய அமெரிக்காவில் இரயில்வேக் கணக்குகளைக் கவனித்தவர். அறுபது வயதை ஒட்டி நோயுற்று வீட்டோடு இருந்த காலத்தில், நியூயார்க் சந்தையின் பழைய விலைப் படங்களை, ஆண்டுக் கணக்கு முதல் அரைமணிக் கணக்கு வரை, பொறுமையுடன் ஆராய்ந்தார். 1938-இல் ‘அலைக் கொள்கை’ என்ற அவருடைய நூல் வெளிவந்தது.

அவர் கூற்று இதுதான்: சந்தை ஐந்து அலைகளாக முன்னேறும், மூன்று அலைகளாகப் பின்வாங்கும். ஐந்தில் 1, 3, 5 ஏறுபவை. 2, 4 இடையே இறங்குபவை. இரண்டாம் அலை, முதல் அலை புறப்பட்ட இடத்துக்குக் கீழே செல்லலாகாது. மூன்றாம் அலை, ஏறும் மூன்றனுள் மிகக் குட்டையாக இருத்தலாகாது. நான்காம் அலை, முதல் அலையின் உச்சிக்குக் கீழே வரலாகாது. ஒவ்வோர் அலைக்குள்ளும் இதே அமைப்பு சிறிய அளவில் அடங்கியிருக்கும்.

1935 மார்ச்சில் சந்தை நலிந்திருந்தபோது, வீழ்ச்சியின் அடியை அது தொட்டுவிட்டதென்று எலியட் சார்லஸ் காலின்ஸ் என்ற முதலீட்டு ஆலோசகருக்குத் தந்தி கொடுத்தார். அடுத்த இரண்டாண்டுகளில் டவ் ஜோன்ஸ் சராசரி ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவருடைய வழிவந்த ராபர்ட் பிரெக்டர், ஃபிராஸ்டுடன் சேர்ந்து 1978-இல் எழுதிய நூலில் பெரிய ஏற்றம் வருமென்றார். 1982-இல் அது தொடங்கியது. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிரெக்டர் 1995-இல் பெருவீழ்ச்சி நெருங்கிவிட்டதென்று இன்னொரு நூல் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் 5,000-ஐக் கடந்திருந்த சராசரி 1999 மார்ச்சில் 10,000-ஐ எட்டியது.

ஒரே கொள்கை இப்படி இருவகையாக முடிவதேன்? விதிகள் மூன்றும் கடுமையானவை. ஆயின் அலை எங்கே தொடங்குகிறது என்பதை எண்ணுபவரே முடிவு செய்கிறார். ஓர் அலை நீண்டால் ‘நீட்சி’ என்பர். இறக்கம் மூன்றாக அமையாவிடில் முக்கோணம் என்றோ கூட்டு அலை என்றோ வேறு பெயர் தருவர். எண்ணிக்கை பொய்த்தால் முதலிலிருந்து எண்ணுவர். நடந்து முடிந்த படத்தில் எதையும் பொருத்திக்காட்ட இடமிருக்கிறது. விடையைப் பார்த்துவிட்டு வழிமுறை எழுதும் மாணவனை ஆசிரியர்கள் அறிவோம்.

ஒழுங்கே இல்லாவிடில் அலை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு வரைபடத் தாளை எடுத்து, இருநூறு முறை பூவா தலையா போட்டுப் பாருங்கள். தலை விழுந்தால் ஒரு கட்டம் மேலே. பூ விழுந்தால் ஒரு கட்டம் கீழே. நாணயத்துக்கு நினைவில்லை, கோட்டுக்கு உண்டு. ஒவ்வொரு புள்ளியும் முந்திய புள்ளியின்மேல் அமர்வதால், தற்செயலாகச் சேர்ந்த ஏற்றம் உடனே கரைவதில்லை. மலையும் பள்ளமும் தாமே தோன்றிவிடுகின்றன. 1927-இல் ரஷ்யக் கணித அறிஞர் ஸ்லுட்ஸ்கி, பரிசுச் சீட்டு எண்களைக் கூட்டிக்கொண்டே போய், இங்கிலாந்தின் வாணிப ஏற்றத்தாழ்வை ஒத்த கோடுகளைப் பெற்றார். 1959-இல் சிகாகோப் பல்கலைக் கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ், தற்செயல் எண்களைக் கொண்டே பங்குச் சந்தைப் படம் போன்ற ஒன்றை வரைந்து காட்டினார்.

உங்கள் நாணயப் படத்திலும் ஐந்து அலைகளை எண்ணிப் பாருங்கள், எங்கேனும் கிடைத்துவிடும். பின்பு நீங்கள் முன்பின் பாராத உண்மையான பழைய விலைப் படம் ஒன்றை நண்பனிடமிருந்து வாங்கி, வலப்பாதியை ஒரு தாளால் மூடுங்கள். அடுத்து வருவது ஏற்றமா இறக்கமா என்று எழுதி வைத்த பிறகே தாளை எடுங்கள். ஐம்பது படங்களில் இவ்வாறு செய்து, சரியானவை எத்தனை என்று குறியுங்கள். நாணயத்தைக் கேட்டிருந்தால் எத்தனை சரியாகியிருக்கும் என்பதையும் அருகிலேயே எழுதுங்கள்.