வெளியேற வேண்டியது பிள்ளையா, ஆபத்தா?



'பாதுகாப்பற்ற வீட்டில் இருக்கும் பிள்ளையைக் காப்பது எது? பிள்ளையை எடுத்து இல்லத்தில் சேர்ப்பதா, வீட்டைப் பாதுகாப்பாக்குவதா?' என்பது இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. வீட்டைப் பாதுகாப்பாக்குவதே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி ஒரு வார்த்தை சொன்னார். "அடி விழும் வீட்டில் பிள்ளையை ஓர் இரவுகூட விட்டுவைக்கக் கூடாது" என்றார். நானும் கை தட்டினேன். அடி விழும் வீட்டில் பிள்ளை ஓர் இரவுகூட இருக்கக் கூடாது என்பதில் இரண்டு அணிக்கும் பேதமில்லை. ஆனால் அதற்கு வழி இரண்டு உண்டு, நடுவர் அவர்களே. வீட்டிலிருந்து பிள்ளையை எடுக்கலாம். வீட்டிலிருந்து அடியை எடுக்கலாம். நமக்குப் பழகிப்போனது முதலாவது. நான் கேட்பது இரண்டாவது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இது எந்தக் குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனாலும் இந்த மண்டபத்தில் யாருக்கும் புதிதாக இராது. மாத்தளையில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். லயனில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று. ஒன்பது வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். அப்பா சம்பளம் கிடைத்த அன்று கசிப்பு குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். தடுக்கப் போன மகளுக்கும் அடி. மறுநாள் பாடசாலையில் டீச்சர் தழும்பைக் காண்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைப்புப் போகிறது. பொலிஸ் வருகிறது. பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வருகிறார். நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை எழுதுகிறார். நீதவான் கட்டளையிடுகிறார். அக்கா பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு, தம்பி வேறோர் இல்லத்துக்கு.

அன்று மாலை அந்தக் காம்பராவில் இருப்பது யார்? அடித்தவர் இருக்கிறார். அடி வாங்கிய பிள்ளைதான் உடுப்பு மூட்டையோடு வண்டி ஏறினாள். அம்மா இன்னமும் அடி வாங்குகிறார்; இப்போது தடுக்க மகளும் இல்லை. தான் வாயைத் திறந்ததால்தான் வீடு சிதறியது என்று அந்தப் பிள்ளை நினைப்பாளா, மாட்டாளா? அடுத்த லயனில் அடி வாங்கும் இன்னொரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் வாய் திறப்பாளா?

"சட்டம் அப்படித்தானே இருக்கிறது" என்பார்கள் எதிரணியினர். சட்டத்தையே பார்ப்போம்.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைக்கு அது நான்கு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பலாம். உறவினரோ பிறரோ, பொருத்தமான ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம். பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடமே பிணை எழுதி வாங்கலாம். மூன்று வருடம் வரை நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வைக்கலாம். நான்கில் ஒன்றுதான் நிறுவனத்துக்குப் போகிற வழி. மற்ற மூன்றும் பிள்ளையை நிறுவனத்துக்கு அனுப்பாமலே காக்கிற வழிகள்.

அடுத்தது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு. அடிப்பவர் வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். இடைக்காலக் கட்டளைக்கு 14 நாள் ஆயுள். விசாரித்துத் தரும் பாதுகாப்புக் கட்டளைக்குப் பன்னிரண்டு மாதம் வரை ஆயுள். அம்மா பயந்து பின்வாங்கினால் அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அதிகாரமளித்தவரும் விண்ணப்பிக்கலாம். கட்டளையை மீறினால் சிறை உண்டு. அவசரப் பண உதவிக்கும் ஆலோசனைக்கும்கூட நீதிமன்றம் வழி செய்யலாம். இவ்வளவும் கையில் இருக்க, மூன்று வயதுப் பிள்ளையை ஏன் வண்டியில் ஏற்றுகிறோம்? அப்பாவை வெளியே அனுப்புவது சிரமம், அவர் சத்தம் போடுவார். பிள்ளையை அனுப்புவது சுலபம், பிள்ளை அழ மட்டும்தான் செய்யும். சுலபமானதைச் செய்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கலாமா?

மழைக்காலத்தில் நம் மாத்தளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. மலைச்சரிவு லயன் ஆபத்தில் இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னால் என்ன செய்கிறோம்? குடும்பத்தையே பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோகிறோம். உலர் உணவு கொடுக்கிறோம். வேறு இடத்தில் காணி கொடு, வீடு கொடு என்று அரசாங்கத்தைக் கேட்கிறோம். பிள்ளையை மட்டும் தனியே எடுத்துப் பதினெட்டு வயது வரை வேறு ஊரில் வைத்திருங்கள் என்று எவரும் சொல்வதில்லை. மலை சரிந்தால் குடும்பத்தைத் தாங்குகிற நாம், குடும்பம் சரியும்போது மட்டும் பிள்ளையைப் பிடுங்கலாமா?

அடுத்து வறுமை. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த காரணங்களில் முன்னிற்பது வறுமை. அம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போனார், அப்பா குடித்தார், பாட்டிக்கு இயலவில்லை என்று மூன்று வரியில் முடிந்துவிடும் வாழ்க்கைகள் அவை. மாற்றுப் பராமரிப்புக்கான ஐக்கிய நாடுகளின் வழிகாட்டல்கள் 2009இல் வந்தன. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கவே கூடாது, குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கு அது அடையாளம் என்று அவை சொல்கின்றன. இல்லத்தில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, சம்பளம், கட்டடம், மின்சாரம் என்று போகிற பணத்தில் ஒரு பகுதியை அந்த அம்மாவின் கையில் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வீட்டில் தூங்கியிருப்பார்கள்! 'செவன சரண' என்ற உதவித் திட்டம் நன்னடத்தைத் திணைக்களத்திடமே இருக்கிறது. அதைப் பெருக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

"இல்லத்தில் மூன்று வேளைச் சோறு, படிப்பு, கட்டில் எல்லாம் உண்டே" என்றார் எதிரணி ஐயா. உண்டு. அங்கே உழைக்கும் அக்காமாரையும் அருட்சகோதரிகளையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேலை முறை மாறும்போது பார்த்துக்கொள்ளும் முகமும் மாறுகிறது. சிறு பிள்ளைக்கு அது தாங்காது. ருமேனியாவில் 1989இல் சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசாங்க இல்லங்களில் கிடந்தார்கள். பிறகு புக்கரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் 136 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனது, மறு பாதி வழக்கம்போல இல்லத்தில் வளர்ந்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி முந்தியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் மிகவும் முந்தினார்கள். நம் இல்லங்கள் அந்த ருமேனிய இல்லங்களைப் போன்றவை அல்ல. என்றாலும் பிள்ளை வளர ஒரே மடி வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

வீட்டிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் வழக்குகள் விசாரணை அதிகாரிகளுக்குச் சுழற்சி முறையில் போகின்றன. சிலர் சட்டென்று பிள்ளையை எடுப்பவர்கள், சிலர் தயங்குபவர்கள். ஜோசப் டொயில் என்ற பொருளியலாளர் இந்த வித்தியாசத்தைக் கொண்டு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எடுப்பதா விடுவதா என்று அதிகாரிகளே இரண்டு மனமாக இருந்த வழக்குகளில், வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள் பின்னாளில் குற்றங்களில் சிக்கியது குறைவு; உழைப்பால் ஈட்டியது கூட. மிச்சிகன் மாநிலத்து ஆய்வு மாறாகச் சொல்கிறதே என்று எதிரணி கேட்கலாம். அங்கே பிள்ளைகள் போனது வளர்ப்புக் குடும்பங்களுக்கு. பெரும்பாலானோர் பிறகு பெற்றோரிடமே திரும்பினார்கள், முன்னேற்றமும் திரும்பிய பிறகே தெரிந்தது. பெற்றோரைத் திருத்தினால் பிள்ளை தழைக்கும் என்பதற்கு அதுவும் என் பக்கத்துச் சாட்சிதான்.

நடுவர் அவர்களே, எதிரணியின் மிகக் கனமான கேள்விக்கு வருகிறேன். "விட்டுவைத்த பிள்ளை செத்துப்போனால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. 2000ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி சித்திரவதையால் இறந்தாள். சமூக சேவை அலுவலகம், பொலிஸ், வைத்தியசாலை எல்லோரும் அவளைக் கண்டிருந்தார்கள். அவளை வைத்திருந்தவளோ உறவுக்காரி. உறவு என்றாலே பாதுகாப்பு என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால், பாலியல் கொடுமை நடந்து தாயும் அதை மறைக்கிறாள் என்றால், அந்த வீட்டில் நம்பத்தக்க பெரியவர் ஒருவருமே இல்லை என்றால், அந்த மணித்தியாலமே பிள்ளையை எடுங்கள். எங்கள் அணி குறுக்கே நிற்காது. குடும்ப மானம் போகும் என்றும், தோட்டத்துத் தலைவர் பேசித் தீர்க்கட்டும் என்றும் மூடி மறைப்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் அல்லர். வீட்டைப் பாதுகாப்பாக்குவது என்றால் சும்மா விடுவது அல்ல. வாரம் தவறாமல் ஓர் உத்தியோகத்தர் அந்த லயன் படி ஏற வேண்டும், பிள்ளையைத் தனியே வைத்துப் பேச வேண்டும், டீச்சரிடமும் மருத்துவச்சியிடமும் கேட்க வேண்டும். விக்டோரியாவுக்கு இல்லாமல் போனது இதுதான்: அவளோடு உட்கார்ந்து, அவள் பாஷையில் அவளைக் கேட்க ஓர் ஆள்.

பாஷை என்றதும் நம் மாவட்டத்துக்கு வருவோம். 1987இல் தமிழ் அரசகரும மொழியாகி எத்தனை காலம்! இன்னமும் நம் தோட்டத்துப் பிள்ளையின் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. தாய்க்கு வாசிக்கத் தெரியாத தாளில் அவள் கையொப்பம். பிள்ளையின் மொழி, சமயம், பண்பாடு அறுந்துபோகாமல் பார்க்க வேண்டும் என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை கேட்கிறது. இலங்கை அதை ஏற்றது 1991இல். தமிழ் பேசும் பிள்ளை சிங்கள இல்லத்தில் வளர்ந்து, ஐந்து வருடத்தில் அம்மாவோடு பேச வார்த்தையில்லாமல் நின்றால், நாம் காப்பாற்றியது எதை?

எடுத்தே ஆகவேண்டிய பிள்ளைக்கும் முதலில் தேட வேண்டியது சொந்தத்தைத்தான். அம்மாயி, மாமா, பெரியம்மா, நல்ல அயலவர் என்று விசாரித்துப் பாருங்கள். 2004 சுனாமியில் தாயையும் தகப்பனையும் இழந்த நம் நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலானோரை உறவினர்களே தாங்கினார்கள். கடல் கொண்டுபோன பிறகும் சொந்தம் கைவிடாத நாடு இது. 2019இல் வந்த நமது மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் குடும்பத்தையே முன்வைக்கிறது. தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ள இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே, பிள்ளையை எடுப்பதா என்று தீர்மானிக்க உட்காரும் ஒவ்வொரு உத்தியோகத்தரும் ஐந்து கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லட்டும். ஆபத்து யார், அவரை வெளியே அனுப்ப முயன்றோமா? வீட்டில் பிள்ளை நம்பும் பெரியவர் யார், அவருக்கு என்ன தாங்கல் கொடுத்தோம்? காரணம் கொடுமையா, வறுமையா? சொந்தத்தில் யாரைத் தேடினோம், அவர்களைச் சோதித்தோமா? எடுத்தால் எந்த ஊரில், எந்த மொழியில், எந்தச் சகோதரத்தோடு, எந்தத் திகதி வரை? கடைசிக் கேள்விக்குத் திகதி இல்லாத எந்தக் கட்டளையும் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை.

நடுவர் அவர்களே, என் உதாரணக் குடும்பத்துக்கு இந்த ஐந்தையும் கேட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குப் பாதுகாப்புக் கட்டளையும் குடிமறப்புச் சிகிச்சையும். அம்மாவுக்கு மாதாந்த உதவி. வேலைக்குப் போகும் நேரம் தம்பிக்குப் பிள்ளைமடுவம். பக்கத்தில் அம்மாயி இருந்தால் இரவுத் துணைக்கு அவர். வாரா வாரம் படியேறும் ஓர் உத்தியோகத்தர். பிள்ளைகள் இருவரும் ஒன்றாக, அதே பாடசாலையில். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற சட்டத்தை நடத்த ஆளும் பணமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

தப்புச் செய்தவர் வீட்டில் இருக்க, தப்புச் செய்யாத பிள்ளை நாடு கடத்தப்படும் நடைமுறைக்கு உங்கள் தீர்ப்பு துணை போகக் கூடாது. வீட்டைப் பாதுகாப்பாக்குவதே பிள்ளையைக் காப்பது. எடுப்பது, எல்லாம் முயன்று முடியாதபோது மட்டும். இப்படித் தீர்ப்பளிக்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.