ஊசியும் தூரிகையும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆடை வடிவமைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசை மாமிகள் சிரித்தது என் காதில் விழுந்தது. பௌதிகம் படித்துவிட்டு, காலமெல்லாம் சர்க்கார் ஃபைல்களைப் புரட்டினவனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால், நான் சொல்லப்போகிறவரும் பௌதிகப் பட்டதாரிதான்!

அவர் பெயர் ராகுல் மிஸ்ரா. உத்தரப் பிரதேசத்தில், கான்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த மல்ஹௌசி என்னும் கிராமத்தில் பிறந்தவர். பி.எஸ்ஸி. முடித்த பிறகு அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 2006-ல் மும்பை லாக்மே ஃபேஷன் வாரத்தில் முதன்முதலாக அவர் காட்டியவை, கேரளக் கைத்தறித் துணியில், இருபுறமும் மாற்றி அணியும்படி தைத்த உடைகள். நம் பாலக்காட்டு அன்பர்கள் வீட்டில் தினமும் புழங்கும் அதே முண்டுத் துணி!

2014 பிப்ரவரியில், இத்தாலியின் மிலான் நகரில், சர்வதேச உல்மார்க் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதை வென்ற முதல் இந்தியர் அவர். 2020 ஜனவரியில் பாரிஸ் நகரின் 'ஓத் கூத்யூர்' வாரத்தில் தம் படைப்புகளைக் காட்டிய முதல் இந்திய வடிவமைப்பாளரும் அவரே. ஒருவருடைய அளவுக்கென்றே, பெரும்பாலும் கையால் தைத்துத் தரும் உயர்தர உடைக்குத்தான் அந்தப் பெயர்.

உல்மார்க் பரிசுக்கு அவர் அனுப்பிய உடைகளுக்குத் தூண்டுதலாக இருந்தவர் எஷர் (1898–1972) என்னும் டச்சு ஓவியர். விஞ்ஞானம் படித்தவர்களுக்கு எஷர் பழக்கமான பெயர். அவருடைய 'மெட்டமார்ஃபோஸிஸ்' ஓவியம் ஒன்றில் பல்லிகள் அறுகோணங்களாகும், அறுகோணங்கள் தேன்கூடாகும், கூட்டிலிருந்து தேனீக்கள் கிளம்பும். ஒரு உருவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. இப்படி ஒன்று மற்றொன்றாக மாறும் கற்பனையை, மிஸ்ரா கம்பளி நூலால் கை எம்பிராய்டரியாகக் கொண்டுவந்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எஷருக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது? அவர் 1922-லும் 1936-லும் ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போய், சுவர்களில் பதித்த ஓடுகளின் கோலங்களைப் பிரதி எடுத்துக்கொண்டார். அந்த ஓடுகளைச் செய்தவர்கள் கைத்தொழிலாளிகள். ஆக, தொழிலாளியிடம் ஓவியர் கற்றார். ஓவியரிடம் வடிவமைப்பாளர் கற்றார். அது மறுபடி ஒரு தொழிலாளியின் ஊசிமுனைக்கே வந்து சேர்ந்தது. இதில் யார் உசத்தி, யார் தாழ்த்தி?

நம் தேசத்திலும் இது புதிதல்ல. 1950-களில் புபுல் ஜெயகரின் முயற்சியால் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கின. தறிக்குப் புதிய டிசைன் தர அங்கே ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். பிற்பாடு பெரும்புகழ் பெற்ற வங்காள ஓவியர் ஜோகன் சௌதுரி, 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி வாரியத்தின் டிசைனராக இருந்தவர்தான்.

சரி, இதனால் நமக்கென்ன? ஒரு கணக்கு சொல்கிறேன். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் துணைத்தொழில் செய்வோருமாக 43.31 லட்சம் பேர் இருந்தார்கள். 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். கூலி கட்டுப்படியாகாவிட்டால், தகப்பனே பிள்ளையிடம் "இது வேண்டாமடா" என்றுதானே சொல்வான்?

இங்கேதான் மிஸ்ராவின் வழி கவனிக்கத்தக்கது. இயந்திரம் ஒரு மணியில் முடிப்பதைக் கையால் பல நாள் செய்யவைக்கிறார். வேலை நிதானமானால் அதிகம் பேருக்கு அதிக நாள் சம்பளம் கிடைக்கும். சொந்த ஊரிலேயே பிழைக்கலாம் என்பது அவர் பல பேட்டிகளில் சொல்லும் கருத்து. பரிதாபப்பட்டு வாங்கும் பொருள் ஒரு தடவைதான் விற்கும். அழகுக்காக வாங்குவது மறுபடியும் விற்கும்.

பாரிஸ் உடை நமக்கு எட்டாது. ஆனால் கல்யாணப் புடவை எல்லார் வீட்டிலும் உண்டு. கடையில் 'சில்க் மார்க்' முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். அது பட்டு அசல்தான் என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்லாது. அதற்கு 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' தனி. இரண்டையும் கேளுங்கள். ரவிக்கைக்கு ஆரி வேலை கொடுக்கும்போது, கையால் போடுகிறார்களா, மெஷினிலா என்று கேளுங்கள். கை என்றால் நாலு நாள் கூடக் கொடுங்கள். பேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

கடைசியாகத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. பேரனோ பேத்தியோ, "எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம், டிசைன் படிக்கிறேன்" என்றால் உடனே தலையில் கைவைத்துக்கொள்ளாதீர்கள். என்ன படிக்கப் போகிறாய், யாருக்கு அதனால் வேலை கிடைக்கும் என்று உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தக் குழந்தையிடம் பதில் இருந்தால் ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்கள்.