ஆடுதின்னாப்பாளையும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும்

வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் நீங்கள். உங்கள் வரப்போரம் பறக்கிற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன்.

இரண்டுக்கும் கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு. பங்காளிகள் என்றே சொல்லலாம். முன் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் பின் இறக்கையில் குங்குமப் பொட்டுகளும் இருந்தால் அது கிரிம்சன் ரோஸ். முன் இறக்கையில் பட்டை இல்லாமல், பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் காமன் ரோஸ்.

காமன் ரோஸ் சீனா, மலேசியா வரைக்கும் உண்டு. கிரிம்சன் ரோஸுக்குப் பெரும்பாலும் இந்தியாவும் இலங்கையும்தான் வீடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய முதல் அட்டவணையில், புலி, யானையோடு சேர்த்து இதற்கும் இடம் தந்திருந்தார்கள். பங்காளிக்கு அந்த யோகம் இல்லை. 2022-இல் அட்டவணைகளையே திருத்தி எழுதினார்கள், அது வேறு கதை. வேடிக்கை என்னவென்றால், நம்ம கடலோரச் சமவெளியில் கிரிம்சன் ரோஸ் அபூர்வமே இல்லை. கூட்டங்கூட்டமாக வலசை போவதும் உண்டு.

ஆனால் இரண்டின் பிழைப்பும் ஒரே செடி வகையில்தான் இருக்கிறது. நம்ம பக்கம் அது ஆடுதின்னாப்பாளை. வேலியில் ஏறுகிற ஈசுவரமூலியும் அதே இனம்தான். புழு அந்த இலையைத் தவிர நெல்லையோ கடலையையோ தொடாது. கருஞ்சிவப்புப் புழுவின் நடுவில் வெள்ளை வளையம் இருந்தால் காமன் ரோஸ். வளையம் இல்லாமல் ஆரஞ்சு முட்களாக இருந்தால் மற்றது. இலையிலுள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, பூச்சியான பிறகும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது.

இதைப் பார்த்து இன்னொரு பூச்சி வேஷம் கட்டுகிறது! கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றைத் தின்கிற புழுக்களில் காமன் மார்மன் என்று ஒன்று. அதன் பெண்பூச்சிகளில் சில கிரிம்சன் ரோஸ் மாதிரியும், சில காமன் ரோஸ் மாதிரியும் இருக்கும். விஷம் இல்லை, வேஷம் மட்டும்தான். ஆகவே கன்றுகளில் புழுவைக் கண்டால் கையால் பொறுக்குங்கள். பாளையில் இருக்கும் புழுவின் மேல் பழி போடாதீர்கள்.

இப்போது வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடிக்கிறோம். பாளை பயிருக்குள் வந்தால் பிடுங்குங்கள், தப்பில்லை. தரிசு மூலையிலும் வேலியடியிலும் மட்டும் விட்டுவையுங்கள். ஆடு மேயாத செடிதானே, தீவனமும் நஷ்டமில்லை.

இன்னொன்று. வயிற்றுப்பூச்சிக்கு நல்லது என்று சிலர் அந்த இலையை அரைத்துக் குடிக்கிறார்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.