வளரும் பிள்ளைக்கு வெட்டும் உடை

(யூபிலி விழாவை முன்னிட்டு, நமது பங்கின் தையற் பயிற்சி வகுப்பில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



தையற் கலையில் இரு நிலைகள் உண்டு. பிறர் வெட்டித் தந்ததைத் தைப்பது ஒன்று. நாமே காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து, திருத்தி, வெட்டித் தைப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் நிலையின் அருமையை விளக்க, தூர தேசத்து உடை ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அயர்லாந்து நாட்டு நடனப் போட்டிகளில் சிறுமியர் அணியும் உடை அது.

அந்நடனத்தில் உடல் நிமிர்ந்து நிற்கும், கைகள் பக்கவாட்டில் அசையாதிருக்கும், கால்களே துள்ளும். 1893-ஆம் ஆண்டு தோன்றிய கேலிக் சங்கம் அந்நாட்டு மொழியோடு நடனத்தையும் பேணி வளர்த்தது. தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் நல்ல உடையே போட்டிக்கும் போதுமானதாயிருந்தது. காலப்போக்கில் தோளில் சிறு சால்வையும், ஏறத்தாழ கி.பி. 800-இல் எழுதப்பட்ட ‘கெல்ஸ் ஏடு’ என்னும் நற்செய்தி நூலில் காணும் பின்னற் கோலங்களைப் போன்ற பூவேலையும் சேர்ந்தன. 1994-இல் டப்ளின் நகரில் ‘ரிவர்டான்ஸ்’ அரங்கேறியபின் உலகெங்கும் இந்நடனம் புகழ்பெற்றது. இன்று மின்னும் கற்கள் பதித்த புத்தாடை ஒன்று ஆயிரம் யூரோவுக்கு மேலும் விலையாகிறது. பிள்ளையோ நாளுக்கு நாள் வளர்கிறாள். வசதி குறைந்த தாய் என்ன செய்வாள்? பேட்டர்ன் அறிந்த கை அங்கேதான் துணை நிற்கிறது.

முதலாவது, ஆடும் நிலையைப் பார்த்து வரைய வேண்டும். தாராளமாக உயர்த்தத்தக்க கை தைத்தால், கையைத் தொங்கவிடும்போது கம்கட்டில் துணி சுருங்கி நிற்கும். இங்கே கைகள் தொங்கும் நிலையே முக்கியம். ஆகவே அந்நிலையில் சுருக்கமின்றி விழும்படி கை வரையப்படுகிறது. உடலின் மேற்பகுதி இடுப்பைத் தாண்டி இறங்கும். அதன்கீழ் பாவாடை இணையும். பழைய முறைப் பாவாடையில் விறைப்பான பட்டைகளுக்கிடையே உள்மடிப்புகள் இருக்கும். நிற்கும்போது அவை மூடியிருக்கும். காலை வீசும்போது விரியும்.

இரண்டாவது, நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் காடாத்துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைக்கு அணிவித்துப் பார்க்க வேண்டும். மேற்பகுதி ஓர் அங்குலம் குட்டையானால், காகிதத்தின் அடியில் ஓர் அங்குலம் ஒட்டினால் போதாது. இடுப்பின் வளைவு தவறான இடத்தில் விழும். கம்கட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே காகிதத்தைக் குறுக்கே வெட்டி, ஓர் அங்குலம் விலக்கி, இடையில் துண்டு ஒட்டி, பக்கக் கோட்டைத் திரும்ப வரைய வேண்டும். சுற்றளவில் இரண்டு அங்குலம் கூட வேண்டுமானால், இரு பக்கத் தையல்களிலும் உள்ள நான்கு விளிம்புகளுக்கும் அரை அங்குலம் வீதம் பகிர்ந்தளிக்க வேண்டும். நடுமுன்பாகத்தைத் தொடலாகாது, தொட்டால் பூவேலையின் கோலம் கெடும். மேற்பகுதி அகன்றால் அதனோடு இணையும் பாவாடையின் மேல்விளிம்பும் அதே அளவு அகல வேண்டும். மடிப்புகளைச் சிறிது ஆழம் குறைத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். உள்ளே கொடுக்கும் லைனிங்கையும் மறக்கலாகாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. பக்கத் தையல்களிலும், பாவாடை இணையும் இடத்திலும், கை முனையிலும், கீழ் ஓரத்திலும் தாராளமாகத் துணியை உள்ளே விட்டுத் தைக்க வேண்டும். அடுத்த ஆண்டு தையலைப் பிரித்தால் உடை பிள்ளையோடு சேர்ந்து வளரும். இளைத்த பிள்ளைக்காக உடையைப் பிடிக்க நேர்ந்தாலும், மிகுந்த துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்து வைக்க வேண்டும். பிடித்த தையலைப் பிரிக்கலாம். வெட்டிய துணி திரும்பி வராது. இந்த உடைகள் ஒரு சிறுமியிடமிருந்து மற்றொரு சிறுமிக்கு விலைக்குக் கைமாறுவது அங்கே வழக்கம். உள்ளே துணி விட்டுத் தைத்தவள், தான் அறியாத இன்னொரு தாயின் செலவையும் குறைக்கிறாள். கஞ்சத்தனமாக வெட்டிய உடையோ, எத்தனை கற்கள் மின்னினாலும், ஒரு பிள்ளையோடு முடிந்துவிடும்.

பார்ப்பவர் கண்ணில் படுவது பூவேலை. உடையை நீடித்து உழைக்கச் செய்வதோ உள்ளே மறைந்திருக்கும் அந்த ஓர் அங்குலத் துணி. நாளை உங்கள் கையில் கத்தரி எடுக்கும்போது, இன்றைய அளவை மட்டும் பாராமல், நாளை வளரப்போகும் பிள்ளையையும் மனதில் கொண்டு வெட்டுங்கள். உங்கள் கைத்தொழில் சிறக்கவும், உங்கள் இல்லங்கள் செழிக்கவும் மனமார வாழ்த்துகிறோம்.