காத்திருக்கிறதும் வேலைதான்

(ரொறன்ரோவில் நடந்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவில் சாப்பாடு கொண்டு வாற, கார் ஓடுற செயலித் தொழிலாளர்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னீங்கள். குளிர், விபத்து, குறைஞ்ச சம்பளம் என்று கதைக்க நிறைய இருக்கு. நான் ஒரு விஷயத்தை மட்டும் எடுக்கிறன்: காத்திருக்கிற நேரம்.

செயலித் தொழிலாளர்களுக்கென்று ஒன்ராறியோவில் 2022 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2025 யூலை 1 இல். இவர்களுக்கும் இனி ஆகக்குறைந்த சம்பளம் உண்டு என்று அது சொல்லுது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சம்பளம் ஒரு ஓர்டரை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து அதை முடிக்கிற நிமிடம் வரைக்கும்தான். அடுத்த ஓர்டருக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் கணக்கில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். 2025 ஒக்ரோபரில் இங்கே ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர் ஆனது, அதை வைச்சுப் பார்ப்பம். ஒருவர் இரவு பத்து மணியிலிருந்து விடிய நாலு மணி வரைக்கும், ஆறு மணித்தியாலம் றோட்டில் நிற்கிறார் என்று வையுங்கோ. ஓர்டரோடு ஓடினது மூன்றரை மணித்தியாலம். சட்டம் அவருக்கு உறுதி செய்யிறது 61 டொலர் 60 சதம். ஆறால் பிரிச்சால் மணிக்குப் பத்து டொலர் சொச்சம். பெற்றோல், இன்சூரன்ஸ், போன் பில் எல்லாம் அதிலிருந்துதான் போகோணும். இவ்வளவுக்கும் கொம்பனி ஒரு சட்டத்தையும் மீறேல்லை.

இரவில் இது இன்னும் மோசம். இரண்டு மணிக்கு பார்களில் மது விற்கிறது நிற்கும். அந்தக் கூட்டம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஓர்டருக்கும் ஓர்டருக்கும் இடைவெளி நீளும். சப்வே ஓடாது. உள்ளே போய் இருக்கத் திறந்த கடையும் குறைவு.

நாங்கள் பட்டனைத் தட்டி அரை மணித்தியாலத்தில் சாப்பாடு வருது என்றால், யாரோ ஒருவர் பக்கத்தில் ‘சும்மா’ நிற்கிறதாலதான் வருது. அந்தச் ‘சும்மா’வைத்தான் கொம்பனி விக்குது. தீயணைப்பு வீரர் நெருப்பு இல்லாத நேரத்துக்கும் சம்பளம் எடுக்கிறார். எங்கட அப்பாமார் காட் அடிச்சு இரவில் கோப்பை கழுவின இடங்களில், கோப்பை வராத அரை மணித்தியாலத்துக்கும் காசு இருந்தது. பிள்ளைகளின் காலத்தில் அது எப்படி இல்லாமல் போனது?

மாற்ற ஏலாது என்று சொல்லாதேங்கோ. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில், சாரதி தன் பகுதியில் செயலியைத் திறந்து பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கிற நேரமும் வேலை நேரம் என்று தீர்ப்பளித்தது. நியூயோர்க் நகரம் 2023 இல் உணவு விநியோகத் தொழிலாளர்களுக்கு ஆகக்குறைந்த ஊதியம் நிர்ணயிச்சபோது, காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தே கணக்குப் பார்த்தது. அங்கே தொழிலாளர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் இறங்கினதாலதான் அது வந்தது.

இங்கேயும் போராட்டம் நடந்தது. 2020 பெப்ரவரியில், ஃபூடோரா கூரியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபை சொன்னது. ஏப்ரலில் கொம்பனி கனடாவை விட்டுப் போறதாக அறிவிச்சது. யூனில் வாக்குகளை எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட 90 வீதம் சங்கத்துக்கு ஆதரவு. வெற்றி கையில் இருந்தது, முதலாளி இல்லை. ஒரு கொம்பனியை மட்டும் பிடிச்சால் போதாது, எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான சட்டம் வேணும் என்றதுதான் இதில் நான் எடுக்கிற பாடம். ஆகவே எங்கட முதல் கோரிக்கை: செயலியைத் திறந்த நேரத்திலிருந்து சம்பளம். இதை உங்கட மாகாணசபை உறுப்பினரிட்ட நேரில் கேளுங்கோ.

இரண்டாவது, எங்களுக்குக் கிட்ட இருக்கிற வேலை. ஓர்டர் எடுக்க வாற தொழிலாளர் கடையின் கழிப்பறையைப் பாவிக்க விடவேணும் என்று நியூயோர்க்கில் 2021 இல் சட்டம் போட்டார்கள். ஸ்காபரோவில் எங்கட கொத்துரொட்டிக் கடைகள் நடுச்சாமம் தாண்டியும் ஓர்டர் அனுப்புது. எடுக்க வாறவர், எங்கட பெடியனோ, பஞ்சாபில் இருந்து படிக்க வந்த பிள்ளையோ, மைனஸ் பதினைஞ்சில் கதவுக்கு வெளியே நிற்கிறார். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும் என்று இரவு முழுக்கத் தண்ணி குடிக்காமல் ஓடுதுகள். உள்ளே ஒரு கதிரை, ஒரு கழிப்பறைத் திறப்பு. இதுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இது சம்பளத்துக்குப் பதில் இல்லை. ஆனால் எங்கட கடைக்காரரிட்டயே கேட்கப் பயம் என்றால், கொம்பனியிட்ட என்னத்தைக் கேட்கப் போறம்?

அடுத்த கூட்டத்துக்கு முன்னம் ஒவ்வொருவரும் இரண்டு கடைக்குப் போய் அண்ணாமாரிட்ட, அக்காமாரிட்ட மரியாதையாகக் கேளுங்கோ. வாசலில் நிற்கிற தொழிலாளரோடயும் கதையுங்கோ, அவருக்கு முதல்ல என்ன வேணும் என்று. கிடைச்ச பதிலை எழுதிக்கொண்டு வாங்கோ, ‘ஏலாது’ என்ற பதிலையும். அதில இருந்து தொடங்குவம்.