எந்த மட்டையை எடுப்பது?

மாணவ நண்பர்களே,

கோல்ஃப் என்னும் விளையாட்டைப் பற்றி, அதிலும் அதன் மிகச் சிறிய பகுதி ஒன்றைப் பற்றி, இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். துடியலூரில் ஓய்வுடன் வாழும் ஒரு தலைமையாசிரியனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். நான் அந்த ஆட்டத்தை ஆடியவன் அல்லன், பார்த்தவன் மட்டுமே. ஆனால் பார்த்தவற்றுள் ஒன்று என் ஆசிரியப் பணி முழுவதையும் திரும்பி நோக்கும்படி செய்துவிட்டது. ஆதலின் அதனை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே கோலிக்குண்டிலிருந்து தொடங்குகிறேன். தெருவில் கோலி ஆடும் சிறுவனைக் கவனியுங்கள். குழிக்கும் அவனுக்கும் இடையே தரை மழமழவென்று இருந்தால் குண்டை உருட்டி விடுகிறான். இடையே கல்லும் முள்ளும் கிடந்தால், அவற்றைத் தாண்டி விழுமாறு தூக்கிப் போட்டு, அதற்கப்பால் உருளச் செய்கிறான். எவ்வளவு தூரம் பறக்க வேண்டும், எவ்வளவு தூரம் உருள வேண்டும் என்று அவன் கணக்கிடுகிறானே, அதுவே இன்று நான் சொல்ல வந்த பொருள்.

கோல்ஃப் நம் நாட்டுக்கு நெடுங்காலத்திற்கு முன்பே வந்துவிட்டது. 1829ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்த கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழமையானது. நம் பக்கத்திலே உதகையின் மேட்டுப் புல்வெளிகளிலும், கொடைக்கானலிலும், வெலிங்டனிலும் ஆங்கிலேயர் திடல்களை அமைத்தனர். நம் கோவையிலும் செட்டிபாளையத்தில் பதினெட்டுக் குழிகள் கொண்ட திடல் ஒன்று உண்டு.

ஆட்டத்தின் நோக்கம் எளியது. ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச் செய்ய வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். குழியைச் சுற்றிலும் புல்லை மிகக் குட்டையாக வெட்டிப் பாய் விரித்தாற்போல் வைத்திருப்பார்கள். அதனைக் கிரீன் என்பர். நாம் பச்சைத்தரை என்போம்.

ஆட்டக்காரர் தம்முடன் பதினான்கு மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் கூடாது என்பது 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட விதி. இத்தனை மட்டைகள் எதற்கு? அவற்றின் முகச் சாய்வு வேறுபடுகிறது. ஏழாம் எண் இரும்பு மட்டையின் முகம் ஏறத்தாழ 34 பாகை சாய்ந்திருக்கும்; பிட்சிங் வெட்ஜ் என்னும் மட்டை ஏறத்தாழ 46 பாகை; சேண்ட் வெட்ஜ் என்னும் மணல் மட்டை 56 பாகை அளவு. செய்யும் நிறுவனத்தைப் பொறுத்து இவை சற்றுக் கூடும், குறையும். சாய்வு மிகுந்தால் பந்து உயரப் பறந்து, விழுந்த இடத்திற்கு அருகிலேயே நிற்கும். சாய்வு குறைந்தால் பந்து தாழப் பறந்து நெடுந்தூரம் உருளும். பட்டர் என்னும் மட்டையின் முகமோ ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கும். அது உருட்டுவதற்கே உரியது.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். பந்து பச்சைத்தரையை அடையாமல், அதன் விளிம்புக்கு இரண்டு மூன்று தப்படி வெளியே சற்று வளர்ந்த புல்லில் கிடக்கிறது. அங்கிருந்து மெல்லத் தட்டிக் குழிக்கு அருகே சேர்க்கும் அடியைச் சிப் என்று கூறுவர். இருநூறு கெஜம் அடிப்பதும் ஓர் அடி. இந்தச் சிறு தட்டலும் ஓர் அடி. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே. பெரிய அடியில் வென்றவர் சிறிய அடியில் தோற்பது அந்த ஆட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் கோல்ஃப் திடல் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, வேண்டும்போது ஆலோசனையும் கூறுவது அவர் தொழில். அத்தொழில் செய்வாரைக் கேடி என்று ஆங்கிலத்தில் கூறுவர். அச்சொல்லுக்கு நம் ஊரில் வேறு பொருள் வழங்குவதால், நான் உதவியாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

அன்று ஓர் இளைஞர் பச்சைத்தரையின் ஓரத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். குழி பச்சைத்தரையின் மறுகோடியில் இருந்தது. இடையே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் பளபளப்பான மணல் மட்டையையே எடுத்தார். ஒருமுறை மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தியது. பந்து ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுமுறை மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து அம்புபோல் பாய்ந்து பச்சைத்தரைக்கு அப்பால் ஓடியது. எப்போதோ ஒருமுறை உயரப் பறந்து குழியருகே அழகாக நின்றது. அந்த ஒரு முறையின் இன்பத்திற்காக அவர் பத்து முறை தோற்றுக்கொண்டிருந்தார்.

என் மாணவர் அருகே சென்று ஏழாம் எண் மட்டையை நீட்டினார். “பந்தைத் தூக்க வேண்டாங்க. எங்கே விழணுமோ அந்த இடத்தை மட்டும் பாருங்க. மீதியை அதுவே உருண்டு போய்ச் சேர்ந்துக்கும்” என்றார். இளைஞர் தயக்கத்தோடு வாங்கி, ஊஞ்சல் ஆடுவதுபோல் மட்டையைச் சிறிதே ஆட்டித் தட்டினார். பந்து விளிம்புப் புல்லைத் தாண்டி விழுந்தது. பிறகு நிதானமாக உருண்டு சென்று குழிக்கு ஓரடித் தொலைவில் நின்றது.

நான் வியந்து, “தம்பி, ஏழாம் எண்ணை எப்படித் தேர்ந்தாய்?” என்று கேட்டேன். “கணக்குத்தானுங்க ஐயா” என்றார் அவர்.

அந்தக் கணக்கைக் கேளுங்கள். முதலில், பச்சைத்தரையின் விளிம்பிலிருந்து ஒரு தப்படி உள்ளே, பந்து விழ வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த புல்லில் பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல இயலாது; வெட்டிய புல்லில் சொல்ல இயலும். ஆதலின் புல்லுக்கு மேலே பறக்க வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் பறக்கக் கூடாது. அடுத்து, பந்திலிருந்து அந்த இடம் வரை எத்தனை தப்படி, அந்த இடத்திலிருந்து குழி வரை எத்தனை தப்படி என்று எண்ண வேண்டும். பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். வரும் ஈவைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் மட்டையின் எண் கிடைக்கும். பிட்சிங் வெட்ஜைப் பத்து என்றும், மணல் மட்டையைப் பதினொன்று என்றும் கொள்ள வேண்டும்.

பந்து விளிம்புக்கு இரண்டு தப்படி வெளியே இருக்கிறது என்று கொள்வோம். விழுமிடம் ஒரு தப்படி உள்ளே. ஆகப் பறப்பது மூன்று தப்படி. அங்கிருந்து குழி பதினைந்து தப்படி என்றால் ஈவு ஐந்து. பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழாம் எண் மட்டை. குழி ஒன்பது தப்படி என்றால் ஈவு மூன்று. ஒன்பதாம் எண் மட்டை. ஆறு தப்படி என்றால் பிட்சிங் வெட்ஜ். மூன்றே தப்படி என்றால் மணல் மட்டை. அடிக்கும் முறை ஏறத்தாழ ஒன்றே. உடலின் எடையைக் குழிப்பக்கத்துக் காலில் சற்றுச் சாய்த்து, கைகளைப் பந்துக்குச் சிறிது முன்னே வைத்து, மணிக்கட்டை மடக்காமல் ஊசல்போல் அசைத்தால் போதும். மாறுவது மட்டை மட்டுமே.

இது சமதரைக்கு உரிய கணக்கு. தரை குழியை நோக்கி ஏறினால் உருட்சி குறையும். ஆகவே இன்னும் சாய்வு குறைந்த மட்டை வேண்டும். இறங்கினால் சாய்வு மிகுந்தது வேண்டும். பனியாலோ மழையாலோ நனைந்த புல் பந்தைப் பிடித்து நிறுத்தும். வெயிலில் காய்ந்த தரை ஓட விடும்.

பந்து கிடக்கும் இடத்தையும் நோக்க வேண்டும். மணல் மட்டையின் அடிப்பாகம் தடித்துப் புடைத்திருக்கும். 1930களின் தொடக்கத்தில் ஜீன் சாரசென் என்னும் அமெரிக்கர், மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும்படி அதனைச் செம்மைப்படுத்தி, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தையும் வென்றார். மணலுக்கு நலம் செய்யும் அந்தப் புடைப்பே, நம் ஊர்க் கோடையில் இறுகிப்போன கட்டாந்தரையில் தீமை செய்கிறது. மட்டை தரையில் பட்டு எம்புகிறது. பந்தின் நடுவில் மோதுகிறது. அந்த இளைஞரின் பந்து அம்புபோல் பாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அத்தகைய இடத்தில், விளிம்புப் புல் குட்டையாக இருப்பின், பட்டராலேயே உருட்டி விடுவதும் அறிவுடைமையாம். அதில் இழிவு ஏதும் இல்லை.

அப்படியானால் மணல் மட்டை பயனற்றதா? அன்று. 1982ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் பந்தயம் பெபிள் பீச் என்னும் கடற்கரைத் திடலில் நடந்தது. இறுதி நாளில், பதினேழாம் குழியருகே டாம் வாட்சனின் பந்து அடர்ந்த புல்லில் கிடந்தது. குழியோ பச்சைத்தரையின் விளிம்புக்கு மிக அருகில்; உருள இடமே இல்லை. அவர் மணல் மட்டையை எடுத்து மெல்லத் தட்டினார். பந்து மெத்தென விழுந்து உருண்டு குழிக்குள் இறங்கியது. ஜாக் நிக்லஸை முந்தி அவர் வென்றார். அங்கே அந்த மட்டையே ஏற்றது. இடம் அதைக் கேட்டது.

ஒரே மட்டையால் பலவகை அடிகளைப் பழகுவதே மேல் என்று கூறும் வல்லுநரும் உளர். நாள்தோறும் பல மணி நேரம் பழகுவார்க்கு அது பொருந்தலாம். மற்றையோர்க்கு ஓர் அடியும் பல மட்டைகளுமே நன்று. பால் ரன்யன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் வலிமையில் சிறியவர். 1938ஆம் ஆண்டு பி.ஜி.ஏ. பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில், நெடுந்தூரம் அடிப்பதில் புகழ்பெற்ற சாம் ஸ்னீடை எதிர்த்தார். இன்னும் ஏழு குழிகள் எஞ்சியிருக்கும்போதே, எட்டுக் குழிகள் முன்னிலை பெற்று வென்றார். பச்சைத்தரையின் அருகே அவர் காட்டிய திறமே அவருக்குத் துணை நின்றது.

நண்பர்களே, இனி நான் சொல்ல வேண்டியது எனக்குச் சற்றுக் கடினமானது. அந்த உதவியாளர் பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்தவர். அக்காலத்தில் என்னிடம் ஒரே முறைதான் இருந்தது. மாணவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பின் முன்னே வாய்ப்பாட்டை உரக்கக் கூறச் செய்வேன். பலர் அதனால் தேர்ந்தனர். ஆகவே அதுவே எல்லார்க்கும் ஏற்றது என்று நம்பினேன். இவரோ எழுந்து நின்றதும் நாத் தழுதழுத்து வாயடைத்துப் போவார். “உனக்குக் கணக்கு வராது” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு அவர் பள்ளியை விட்டு நின்றார்.

அன்று திடலில், வகுத்தலும் கழித்தலும் அவர் வாயிலிருந்து தடையின்றி வரக் கேட்டு, “இந்தக் கணக்கு அன்று ஏன் வரவில்லை?” என்றேன். அவர் சிரித்தார். “அங்கே எல்லாரும் பார்ப்பாங்கன்னு பயமுங்க ஐயா. இங்கே நடந்துக்கிட்டே எண்ணறேன், வந்துருது” என்றார். அச்சொல்லில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அது என்னை மிகவும் வருத்தியது. நடந்து அளந்து கற்க வேண்டிய பிள்ளையை நான் நிற்க வைத்துக் கேட்டேன். மணல் மட்டையையே எடுத்து எடுத்துத் தோற்ற அந்த இளைஞருக்கும் எனக்கும் என்ன வேற்றுமை? அவர் இழந்தவை சில அடிகள். நான் இழந்தது ஒரு மாணவனை.

மட்டை சுமப்பவர்தானே என்று எவரையும் எளிதாக எண்ணாதீர்கள். தில்லியில் மட்டை சுமந்து ஆட்டம் பழகிய அலி ஷேர் 1991ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் பந்தயத்தை வென்று, அதனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் என்னும் பெருமை பெற்றார். 1993இல் மீண்டும் வென்றார். 2009ஆம் ஆண்டு அதே பந்தயத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் மட்டை சுமந்து தொடங்கியவரே.

உங்களுள் பெரும்பாலோர் கோல்ஃப் மட்டையைத் தொடும் வாய்ப்புப் பெறாமல் போகலாம். அது செலவு மிகுந்த ஆட்டம். ஆனால் பாடம் படிக்கும் முறையையும், தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் நாள்தோறும் தேர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். கைக்குப் பழகியது என்பதற்காகவோ, பார்ப்பதற்குப் பகட்டாக இருக்கிறது என்பதற்காகவோ ஒன்றை எடுக்காதீர்கள். தரையைப் பாருங்கள், விழ வேண்டிய இடத்தைக் குறியுங்கள், தப்படியை எண்ணுங்கள். அதன் பிறகு பைக்குள் கையை விடுங்கள்.

என் மாணவரிடம் நான் காலந்தாழ்ந்து கற்ற பாடம் இது. நீங்கள் காலத்தோடு கற்பீர்களாக.