மணிக்கட்டின் வழியே இதயத்திற்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஜயபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், திருப்பதிக்கோ வேலூருக்கோ அழைத்துச் செல்கிறோம். அங்கே ‘ஆஞ்சியோகிராம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டார் கலங்கிவிடுகின்றனர். உள்ளே செல்லும் குழல் இன்னதென்று அறிந்தால் பாதி அச்சம் அகலும்.

இதயத் தசைக்குக் குருதி ஊட்டும் தமனிகள் இடமும் வலமுமாகப் பெருந்தமனியின் அடியிலிருந்து புறப்படுகின்றன. கதீட்டர் என்னும் மெல்லிய குழலின் நுனியை அவற்றின் வாயில் பொருத்திச் சாயமருந்து செலுத்தி, எக்ஸ் கதிர்ப்படம் எடுப்பதே இச்சோதனை. 1967-இல் அமெரிக்கரான மெல்வின் ஜட்கின்ஸ், தொடைவழி செல்வதற்கென்று இடத்திற்கு ஒன்றும் வலத்திற்கு ஒன்றுமாக இரு வளைவுகளை அமைத்தார். தொடைவழியில் குருதிக்கசிவு மிகுதி. பின்னர்ப் பல மணி நேரம் காலை மடக்காது படுத்திருக்கவும் வேண்டும். 1989-இல் மாண்ட்ரியலைச் சேர்ந்த லூசியன் காம்போ மணிக்கட்டு வழியை நூறு பேரிடம் முயன்று, அதனை உலகறிய எழுதினார்.

மணிக்கட்டுத் தமனியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உடையது. பெண்டிர்க்கு இன்னும் சிறிது. அது தொட்டாற்சிணுங்கி போன்றது. குழல் உரசினால் சுருங்கி, அக்குழலையே இறுகப் பற்றிக்கொள்ளும், கை வலிக்கும். சுருக்கத்தைத் தளர்த்த நைட்ரோகிளிசரின் போன்ற மருந்தை அதனுள்ளேயே செலுத்துவர்.

குழல்களின் வேற்றுமை இங்கேதான் பொருள் பெறுகிறது. ஜட்கின்ஸ் குழல்களாயின் ஒன்றை எடுத்து மற்றொன்றைக் கம்பியின்மேல் செலுத்த வேண்டும்; மாற்றுந்தோறும் உரசல். ஜப்பானிய டெருமோ நிறுவனத்தின் ‘டைகர்’ என்னும் குழல் இரு தமனிகளுக்கும் ஒன்றே போதுமென அமைந்தது. பெயர்தான் புலி, பருமன் பெரும்பாலும் 5 பிரெஞ்சு, அதாவது 1.7 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு! மாற்றும் வேலை இல்லையாதலால் நேரமும் மிஞ்சும்.

ஆயினும் அதற்கும் குறையுண்டு. சிலருடைய பெருந்தமனியின் அமைப்பில் அதன் நுனி நேராகப் பொருந்துவதில்லை. வலப்புறத்துச் சிறுகிளை ஒன்றனுள் நுழைந்துவிடவும் கூடும். அங்கே சாயத்தை அழுத்திச் செலுத்தினால் இதயத்துடிப்பே தடுமாறலாம். ஆகவே குழல்முனை காட்டும் அழுத்த அலையைப் பார்த்த பின்னரே மருந்தைச் செலுத்துவர். ஒற்றைக் குழலில் தொடங்குக, பொருந்தாவிடில் பிடிவாதமின்றி ஜட்கின்ஸுக்கு மாறுக என்பதே என் கருத்து. குழலின் பெயரைவிட அதனைத் திருப்பும் கையின் பழக்கமே பெரிது.

குழலைத் தேர்வது மருத்துவர் பொறுப்பு. நீங்கள் சொல்ல வேண்டியவை வேறு. சிறுநீரக நோய் இருப்பின் முன்னரே கூறுங்கள். பிற்காலத்தில் டயாலிசிஸுக்கு அந்த மணிக்கட்டுத் தமனியே தேவைப்படலாம் என்பதால் வேறு வழியை நாடுவர். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர் அதனையும் மறவாது சொல்லுக. இடது மார்புத் தமனியை இணைத்திருந்தால் இடக்கை வழியே அதனை எளிதில் எட்டலாம். சோதனை முடிந்ததும் மணிக்கட்டில் அழுத்தப்பட்டை கட்டுவர். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிராமல் அப்பொழுதே செவிலியரை அழையுங்கள்.